கோயாவின் செப்புத்தகடுகள்: அடக்கமும் சாட்சியமும்

இறந்தவரின் உடலை மூடுவது எமது மார்க்கம் எமக்குக் கற்றுத்தந்த மரியாதைகளுள் முதன்மையானது. குளிப்பாட்டுபவர்கூட மறைக்க வேண்டியதை மறைத்தே குளிப்பாட்டுகின்றார். அங்கு கண்ட குறை எதையும் அவர் வெளியே சொல்வதில்லை. கபனிட்டு, தொழுது, தாமதியாது அடக்கம் செய்துவிடுகின்றோம். போரில் கொல்லப்பட்ட எதிரியின் உடலைக்கூடச் சிதைக்கலாகாது என்று நபிகளார் தடுத்திருக்கின்றார்கள். இத்தகைய மரபில் வளர்ந்த ஒருவர், ஆடை களையப்பட்டும் அங்கம் சிதைக்கப்பட்டும் கிடக்கும் மனிதர்களைத் தகடு தகடாக வரைந்துவைத்த ஓர் ஓவியனை எவ்வாறு எதிர்கொள்வது? அவ்வாறு வரைவது இறந்தவருக்குச் செய்யும் நீதியா, அல்லது அவர்மீது இரண்டாந் தடவையாக இழைக்கப்படும் அவமதிப்பா? இந்தக் கேள்வியோடுதான் ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவின் (1746-1828) 'போரின் பேரழிவுகள்' என்ற அச்சோவியத் தொடரை நான் அணுகுகின்றேன்.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்து வேறுபாட்டை இங்கு தீர்த்துவைக்க நான் முனையவில்லை. என் கேள்வி அதற்கு அப்பாற்பட்டது. அது ஓவியனுக்கு மட்டுமன்றி, பேனா பிடித்த எல்லோருக்கும் உரியது. பிறர் இழப்பைச் சொல்ல எமக்கு என்ன உரிமை? எந்த நிபந்தனையின் பேரில் அது உரிமையாகின்றது?

1808இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைக் கைப்பற்றின. அவ்வாண்டு மே 2ஆம் திகதி மட்ரிட் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள் விடியுமுன்பே பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து ஆறு ஆண்டுகள், 1814 வரை நீடித்தது அந்தப் போர். 'கெரில்லா' என்ற ஸ்பானியச் சொல் உலக மொழிகளுக்குப் பரவியதும் இந்தப் போரிலிருந்துதான். சீருடை அணிந்த படை ஒருபுறம், கத்தியும் கோடரியும் ஏந்திய ஊர்மக்கள் மறுபுறம். யார் படைவீரன், யார் பொதுமகன் என்ற வேறுபாடு அழிந்துபோனது. 1808 ஒக்டோபரில், முற்றுகையிடப்பட்டுச் சிதைந்துபோன சரகோசா நகரைப் பார்த்து வரையும்படி தளபதி பலபொக்ஸ் கோயாவை அழைத்தார். கோயாவுக்கு அப்போது வயது 62. கடும் நோயொன்றினால் 1793 அளவிலேயே செவிப்புலனை முற்றாக இழந்திருந்தார். போரின் ஓசை எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்பதை இப்படங்களைப் பார்க்கும்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

தொடரின் சில தகடுகளில் 1810 என்ற ஆண்டு காணப்படுகின்றது. 1820 அளவு வரை அவர் இவ்வேலையில் ஈடுபட்டிருந்தார். எச்சிங் எனப்படும் இந்த முறை பொறுமையைக் கோருவது. செப்புத்தகட்டின் மீது மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அப்பூச்சைக் கீறி வரைவர். பின்னர் தகட்டை அமிலத்தில் இடுவர். மெழுகு நீங்கிய கோடுகளில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். அரித்த பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். பிசின் தூளைத் தூவி அரிக்கவிடுவதன் மூலம் கருமையின் பல சாயல்களைப் பெறலாம். தாளில் படம் இடம் வலமாக மாறியே விழும். போர்க்காலத்தில் நல்ல செம்பு கிடைப்பது அரிதாயிருந்தது. தாம் முன்னர் இயற்கைக் காட்சிகள் வரைந்திருந்த பெரிய தகடுகளை வெட்டி, அவற்றின் பின்பக்கத்தில் கோயா இத்தொடரின் சில படங்களை வரைந்தார். மரமும் நீர்வீழ்ச்சியும் ஒரு முகத்தில், கொலை மறுமுகத்தில்.

இத்தொடரின் 18ஆம் படத்துக்குக் கோயா இட்ட வாசகம், 'அடக்கிவிட்டு வாயடைத்திரு' என்பது. நிர்வாணமான உடல்கள் நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஆணும் பெண்ணும் துர்நாற்றம் தாளாது முகத்தை மூடியபடி நிற்கின்றனர். என் கேள்விக்கான திறவுகோல் இந்த வாசகத்தில் இருக்கின்றது. அடக்குவதும் மௌனம் காப்பதும் இங்கே ஒரே மூச்சில் கட்டளையிடப்படுகின்றன. ஆனால் இவை இரண்டும் ஒன்றல்ல. அடக்குவது இறந்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். மௌனமோ கொன்றவனுக்குக் கிடைக்கும் இலாபம். எமது மரபு உடலை மூடச் சொல்கின்றது. கொலையை மூடச் சொல்லவில்லை. தமிழில் அடக்கம் என்ற சொல்லுக்கே இரு பொருள் உண்டு. புதைப்பதும் அதுதான், தன்னை ஒடுக்கிக்கொள்வதும் அதுதான். முதலாவதைச் செய்யும்போது இரண்டாவதும் எம்மிடம் கேட்கப்படுகின்றது. மரியாதையின் பேரால் கேட்கப்படுவதால் மறுக்கவும் கூச்சமாயிருக்கின்றது.

அந்த உடல்களுக்குக் கபனிட யாரும் இருக்கவில்லை. அவற்றின் ஆடையைக் களைந்தவன் கோயா அல்லன். களைந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டுமாயின், களையப்பட்டது என்பதைச் சொல்லாமல் முடியாது. இதுவரை நான் அவருடன் உடன்படுகின்றேன். ஆனால் கேள்வி இத்துடன் முடிந்துவிடுவதில்லை.

44ஆம் படத்தின் கீழ் 'இதை நான் கண்டேன்' என்று எழுதியிருக்கின்றார். அடுத்த படத்தின் கீழ் 'இதையும்' என்று எழுதியிருக்கின்றார். இவை கொலைக் காட்சிகள் அல்ல. ஊரை விட்டு மக்கள் ஓடும் காட்சிகள். ஒரு தாய் பின்தங்கிவிட்ட பிள்ளையை நோக்கிக் கையை நீட்டுகின்றாள். சமயகுருவைப் போன்ற உடையணிந்த ஒருவர் ஒரு பையை இறுகப் பற்றியபடி ஓடுகின்றார். எதைக் கண்டு அவர்கள் அஞ்சுகின்றனர் என்பது படத்தில் இல்லை. அது சட்டத்துக்கு வெளியே இருக்கின்றது. இவ்வளவு கொடூரங்களை வரைந்த கலைஞன் 'கண்டேன்' என்ற சொல்லை ஏன் இந்த ஓட்டத்துக்கு ஒதுக்கினான்? மற்றவற்றைக் காணவில்லை என்பதனாலா?

சாட்சியம் என்பது எமக்கு மிகவும் பரிச்சயமான ஒன்று. கலிமாவே சாட்சி கூறுவதாகத்தான் தொடங்குகின்றது. அரபியில் சாட்சியையும் தியாகியையும் குறிக்கும் சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. சாட்சிக்கு எமது சட்டமரபு விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. கண்டிருக்க வேண்டும், நேர்மையாளனாக இருக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி கோயா எல்லாவற்றுக்கும் சாட்சியல்லர். 80 காட்சிகளையும் ஒருவர் நேரில் கண்டிருக்க முடியாது. 'இது இன்னும் கொடியது' என்ற 37ஆம் படத்தில், மரக்கிளையில் ஓர் உடல் செருகப்பட்டிருக்கின்றது. அதன் ஓர் அச்சுப் பிரதியில் சின்சோன் என்ற ஊரின் பெயரைக் கோயா குறித்துள்ளார். 1808 டிசம்பரில் அவ்வூரில் பிரெஞ்சுப் படையினர் பழிக்குப்பழியாக மக்களைக் கொன்றனர். கோயாவின் தம்பி கமிலோ அவ்வூரில் சமயகுருவாக இருந்தவர். செய்தி வந்திருக்க வழியுண்டு. அப்படம் கேள்விப்பட்டதன் சாட்சியம். அதனால்தான் போலும், அங்கே 'கண்டேன்' என்று அவர் எழுதவில்லை. கண்டதைக் கண்டதென்றும், மற்றதைச் சொல்லாமலும் விட்ட இந்தக் கணக்கு, அவரது நேர்மையில் எனக்கு நம்பிக்கையை ஏற்படுத்துகின்றது.

இத்தொடர் முதன்முதலில் நூலாக வெளிவந்தது 1863இல், அவர் இறந்து 35 ஆண்டுகளின் பின்னர். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் களத்தில், அலெக்சாண்டர் கார்ட்னரும் அவரது குழுவினரும் இறந்த வீரர்களைப் புகைப்படம் எடுத்தனர். கற்சுவரின் அருகே துப்பாக்கியோடு வீழ்ந்துகிடக்கும் இளைஞனின் படம் அவற்றுள் புகழ்பெற்றது. அவ்வுடலை வேறோர் இடத்திலிருந்து தூக்கிவந்து, துப்பாக்கியைச் சாத்திவைத்து எடுத்த படம் அது என்பதை நூறாண்டுகளுக்குப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். புகைப்படக்கருவி கண்ணால் கண்டதையே பதிந்தது. ஆயினும் அந்தப் படம் பொய் சொன்னது. இறந்தவனை நடிக்கவும் வைத்தது. கோயா காணாததையும் வரைந்தார். அவர் படம் நடந்ததைச் சொன்னது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எமது பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சாட்சியின் தகுதியைக் கண் மட்டும் தீர்மானிப்பதில்லை.

அழகு பற்றிய சங்கடமும் இங்கே உண்டு. சின்சோன் படத்தில் மரத்தில் செருகப்பட்டிருக்கும் உடலின் வடிவம், வத்திக்கானில் உள்ள பெல்வெடேர் முண்டம் என்ற பண்டைய சிற்பத்தை ஒத்தது. கையும் தலையும் இழந்த அச்சிற்பத்தை இளமையில் இத்தாலி சென்றபோது கோயா தம் குறிப்பேட்டில் வரைந்து பழகியிருக்கின்றார். கலை மாணவர் தலைமுறை தலைமுறையாக வியந்த ஓர் உடலை, அவர் கொலைக்களத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றார். அது துயரத்தை அழகாக்குவதாகாதா என்று கேட்கலாம். எனக்கு அது மறுபக்கமாகவே தோன்றுகின்றது. உடைந்த சிலையை அழகென்று வியக்கப் பழகிய கண், உடைக்கப்பட்ட மனிதனின் முன் வந்து நின்று நாணுகின்றது. ஆனாலும் அந்தக் கோட்டின் தேர்ச்சி என்னை ஒரு கணம் மயக்குகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. நல்ல கலைஞன் துயரத்தைத் தொட்டால் இந்த அபாயம் இருந்தே தீரும். இதை நீக்க முடியாது. விழிப்பாயிருக்க மட்டுமே முடியும்.

கோயாவுக்கு முன்னரும் போரை வரைந்தோர் உளர். லொரேன் பிரதேசத்தைச் சேர்ந்த ஜாக் கலோ, 'போரின் பெருந்துன்பங்கள்' என்ற தலைப்பில் 18 படங்களை 1633இல் வெளியிட்டார். அவற்றில் ஒரு பெரிய மரத்தில் பலர் தூக்கிலிடப்பட்டுத் தொங்குகின்றனர். ஆயின் எல்லாம் தொலைவிலிருந்து தெரியும் காட்சி. மனிதர் எறும்பளவு. கீழே செய்யுள் நீதி சொல்லும். கோயா அந்தத் தொலைவை நீக்கிவிட்டார். 'பார்க்க முடியாது' என்ற 26ஆம் படத்தில் குகை போன்ற இருளில் ஆணும் பெண்ணும் மண்டியிட்டுக் கெஞ்சுகின்றனர். வலது ஓரத்திலிருந்து துப்பாக்கிச் சனியன்களின் முனைகள் மட்டும் நீண்டு வருகின்றன. பிடித்திருக்கும் கைகளைக் காணோம். அந்தக் கைகள் நாம் நிற்கும் பக்கத்தில்தான் எங்கோ இருக்கின்றன. பார்வையாளன் எந்தப் பக்கத்தில் நிற்கின்றான் என்று இப்படம் கேட்கின்றது.

இனிச் சொல்வதே எனக்கு முக்கியமானது. போர் முடிந்த 1814இல் கோயா வரைந்த பெரிய வண்ண ஓவியம் ஒன்றில், மட்ரிட் வீதியில் மம்லூக் குதிரைப்படையினரை மக்கள் இழுத்து வீழ்த்துகின்றனர். நெப்போலியன் எகிப்துப் படையெடுப்பின்போது சேர்த்துக்கொண்ட படைப்பிரிவு அது. அதில் எகிப்தியரும் சிரியரும் மட்டுமன்றி ஜோர்ஜியரும் ஆர்மீனியரும் இருந்தனர். யாவரும் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் ஓவியத்தில் தெரிவது தலைப்பாகையும் வளைந்த வாளும். முஸ்லிம்களின் நீண்ட ஆட்சியைக் கண்ட ஸ்பெயினில் அந்தத் தலைப்பாகைக்குப் பழைய பொருளொன்று உண்டு. முஸ்லிம் வாசகர் ஒருவர் இந்த ஓவியத்தின் முன் நின்றால், தாம் எதிரியின் இடத்தில் வரையப்பட்டிருப்பதைக் காண்பார். மற்றவர் சாட்சியத்தில் எமது முகம் எப்படித் தெரியும் என்பதற்கு இது ஓர் உதாரணம். இங்கும் கோயா முழுமையாகக் கட்சி சேர்ந்துவிடவில்லை. குதிரையிலிருந்து உயிரற்றுச் சரியும் மம்லூக்கை மீண்டும் குத்த ஓங்கும் கத்தியையும் அவர் மறைக்கவில்லை.

செப்புத்தகடுகளில் அவர் இன்னும் துணிகின்றார். இரண்டாம் படத்தின் பெயர் 'நியாயத்தோடோ, இல்லாமலோ'. மூன்றாம் படத்தின் பெயர் 'அதேதான்'. வீழ்ந்துகிடக்கும் பிரெஞ்சு வீரனின் மீது ஸ்பானியன் ஒருவன் கோடரியை ஓங்குகின்றான். எதிரி செய்ததும் நாம் செய்வதும் அதேதான் என்று போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் தன் மக்களைப் பார்த்து எழுதுகின்றான். 28, 29ஆம் படங்களில் ஊர்க்கும்பல் ஒன்று ஓர் உடலை அடித்தும் இழுத்தும் செல்கின்றது. எதிரியோடு ஒத்துழைத்தவன் என்று சந்தேகிக்கப்பட்டவனாக இருக்கலாம். ஒன்றின் வாசகம் 'கும்பல்', மற்றதன் வாசகம் 'அவனுக்கு அது தகும்'. இரண்டாவது கோயாவின் குரலா, கும்பலின் குரலா என்று தெளிவாகவில்லை. தெளிவில்லாததே அதன் வலிமை. படித்தவுடன் ஒரு கணம் எமது குரலாகவும் அது ஒலித்துவிடுகின்றது. கோயாவே நெப்போலியனின் சகோதரர் ஜோசப்பின் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர். 1811இல் அவ்வாட்சியின் விருதையும் பெற்றவர். போர் முடிந்ததும் அதற்காக விசாரிக்கப்பட்டவர். வீதியில் இழுத்துச் செல்லப்பட்ட அந்த உடல் தம் உடலாகவும் இருந்திருக்கலாம் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

உங்களுக்கே எதிராயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள் என்பது சூரத்துன் நிஸா எமக்கு இடும் கட்டளை. பிறர் இழப்பைச் சொல்லும் உரிமை எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கின்றது என்று முன்னர் கேட்டேன். என் விடை இதுதான். தன் பக்கத்தார் செய்ததையும் அதே ஊசியால், அதே ஆழத்துக்குக் கீறுகின்றவனுக்கே இறந்தவரின் போர்வையை விலக்கிக் காட்டும் உரிமை உண்டு. மற்றவன் விலக்கினால் அது பழிவாங்கலுக்கான விளம்பரம். அங்கே இறந்தவர் மீண்டும் ஆயுதமாக்கப்படுகின்றார்.

தொடரின் நடுப்பகுதி போரை விட்டுப் பஞ்சத்துக்கு வருகின்றது. 1811-12 காலப்பகுதியில் மட்ரிட்டில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியால் மாண்டனர். 48 முதல் 64 வரையான படங்கள் அதைப் பற்றியவை. 50ஆம் படத்தில் இறந்த தாயை மூன்று ஆண்கள் தூக்கிச் செல்ல, சிறுமி ஒருத்தி கண்களைக் கசக்கியபடி தனியே பின்னால் நடக்கின்றாள். அவர்களுக்கும் அவளுக்கும் இடையே வெறும் இருள். 61ஆம் படத்தில் பட்டினியால் சுருண்டு கிடப்போரின் எதிரே நன்றாக உடுத்தவர்கள் நிற்கின்றனர். 'வேறு குலத்தவரோ' என்பது வாசகம். எதிரி வெளியிலிருந்து வந்தவன் மட்டுமல்லன் என்று சொல்ல இதைவிடக் குறைந்த சொற்கள் வேண்டியதில்லை.

இவற்றை எல்லாம் அவர் தம் காலத்தில் வெளியிடவில்லை. 1814இல் திரும்பிவந்த மன்னர் ஏழாம் பெர்டினாண்ட் அரசியலமைப்பை ஒழித்தார். சமய விசாரணை மன்றத்தை மீண்டும் நிறுவினார். வெற்றி வீரக்கதைகளைத்தான் விரும்பும், 'அதேதான்' என்ற சொல்லை விரும்பாது. கோயா ஒரு முழுத் தொகுதியை நண்பர் சேயன் பெர்மூதெஸிடம் கொடுத்துவைத்தார். அது இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. 1824இல் பிரான்சின் போர்தோ நகருக்குச் சென்று அங்கேயே மறைந்தார். தகடுகள் ஸ்பெயினிலேயே தங்கிவிட்டன. அவற்றைப் பின்னர் வாங்கிய சான் பெர்னாண்டோ அக்கடமியே 1863இல் 80 படங்களை அச்சிட்டது.

அந்த அச்சில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. 69ஆம் படத்தில் பாதி புதைந்த பிணமொன்று ஒரு தாளில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்காட்டுகின்றது. பின்னால் இருளில் ஒரு தராசு தெரிகின்றது. கோயாவின் வாசகம், 'ஒன்றுமில்லை. அதுவே சொல்கின்றது' என்பது. அக்கடமி அதனை, 'ஒன்றுமில்லை. அது சொல்லும்' என்று மாற்றியது. நிகழ்காலம் எதிர்காலமாயிற்று. மறுமையிலும் மீஸானிலும் நம்பிக்கை வைத்த எனக்கு அந்தப் பிணத்தின் விடை ஏற்புடையதன்று. கணக்கு உண்டு என்றே நான் நம்புகின்றேன். ஆயினும் அந்த வாசகத்தை மாற்றியவர்களின் பக்கம் நான் நிற்கமாட்டேன். சாட்சி சொன்னது எனக்கு உவப்பில்லாவிடினும், அவன் சொன்னபடியே அதைப் பதிய வேண்டும். என் நம்பிக்கையை அவன் வாயில் திணிக்க எனக்கு உரிமையில்லை.

எமது பக்கங்களில் 1990 ஒக்டோபரின் வடக்கு வெளியேற்றமும் 2004 டிசம்பர் 26இன் கடல்கோளும் கதையாகவும் கவிதையாகவும் நிறையப் பதியப்பட்டுள்ளன. பதியப்பட வேண்டியவைதான். வாயடைத்திரு என்று எவரும் எமக்குச் சொல்ல இயலாது. கிழக்கில் 1990இல் பள்ளிவாசல்களில் தொழுதவர்கள் கொல்லப்பட்டனர். அதே மாதங்களில் தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் பறிக்கப்பட்டன. முதலாவதை நாம் எழுதியிருக்கின்றோம். இரண்டாவதை எமது பேனா எவ்வளவு தூரம் கீறியிருக்கின்றது என்று எண்ணிப் பார்க்கும்போது, கோயாவின் மூன்றாம் படம் என் முன் வந்து நிற்கின்றது. அயலவரின் எழுத்துக்களிடமும் நாம் இதே கேள்வியைக் கேட்கலாம். கேட்கும் தகுதி எமக்கு இருக்க வேண்டுமாயின், எமது தகடு முதலில் அமிலத்தில் இறங்க வேண்டும்.